அடிமனமும் அறமும்

மாலைப் பொழுது மங்கி வருகின்றது. வயல் வரப்பின்மீது ஒருவன் தனியே நடந்து செல்கின்றான். வழியில் நீண்டு வளைந்து ஏதோ ஒன்று கிடக்கின்றது. அதன்மேல் படவிருந்த கால் திடுமெனப் பின்வாங்குகின்றது. நெஞ்சு துடிக்கின்றது; உடல் வியர்க்கின்றது. பின்னர் உற்று நோக்குகின்றான். கிடப்பது பாம்பன்று, மாடு கட்டும் கயிற்றின் அறுந்த துண்டு. தன் அச்சத்தை எண்ணித் தானே நகைத்துக்கொண்டு அவன் மேலே நடக்கின்றான்.

இந்நிகழ்ச்சி மிகச் சிறியது. ஆயினும், ஆழ்ந்ததொரு வினா இதனுள் அடங்கியிருக்கின்றது. பின்வாங்குமாறு காலுக்குக் கட்டளையிட்டது யார்? 'இது பாம்பு, மிதித்தால் கடிக்கும், ஆதலின் விலகுதல் வேண்டும்' என்று அவன் அறிவு ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. அவ்வாறு ஆராய்தற்குக் காலமும் இல்லை. அறிவு விழித்துக்கொள்வதற்கு முன்பே வேறொன்று விழித்துத் தன் செயலை முடித்துவிட்டது. அதன் இயல்பு யாது? அச்சம், வெகுளி முதலிய உணர்ச்சிகளை எழுப்புவதோடு அது நின்றுவிடுகின்றதா? 'இது நன்று, இது தீது' என்று மாந்தர் துணியும் துணிவிலும் அதற்குப் பங்கு உண்டா? இவற்றை அறிந்துகொள்ளுதல், நேரிய வாழ்வு வாழ விரும்பும் ஒவ்வொருவர்க்கும் இன்றியமையாததாகும்.

இங்கிலாந்து நாட்டு இயற்கை நூலறிஞர் சார்லஸ் டார்வின் இதனைத் தம்மிடத்திலேயே சோதித்துப் பார்த்தார். இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிசாலையில் கொடிய நச்சு விரியன் ஒன்று தடித்த கண்ணாடிக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தது. டார்வின் தம் முகத்தைக் கண்ணாடியின் அருகே கொண்டு சென்று, பாம்பு சீறித் தாக்கினும் பின்வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு நின்றார். இடையே கண்ணாடி இருத்தலின், பாம்பு தம்மைத் தீண்ட இயலாது என்பதை அவர் நன்கு அறிவார். ஆயினும், பாம்பு தாக்கிய அந்நொடியிலேயே அவ்வுறுதி பறந்துபோயிற்று. ஒன்றிரண்டு கெஜ தூரம் அவர் பின்னே தாவிவிட்டார். 1872-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை அவரே குறித்துள்ளார். அதுவரையில் தாம் ஒருபோதும் பட்டறியாத ஓர் இடரைக் கற்பனை செய்த அளவில், தம் மனவுறுதியும் பகுத்தறிவும் வலியிழந்துபோனதைக் கண்டு அவர் வியந்தார்.

இவ்வாறு உயிர்களுக்கு உடன்பிறந்ததாய், எவரும் கற்பியாமலே செயலுக்குத் தூண்டும் ஆற்றலை 'இயல்பூக்கம்' என்று உளநூலார் கூறுவர். பிறந்த குழந்தை பால் உண்ணுதற்கு ஆசிரியரை வேண்டுவதில்லை. கூடு கட்டவேண்டும் என்னும் உந்துதலைத் தூக்கணங்குருவிக்கு ஊட்டியவர் எவரும் இலர். ஆனால், இங்குக் கருதத்தக்கதொன்று உண்டு. இளங்குருவியின் பின்னல் தொடக்கத்தில் செம்மையாக அமைவதில்லை. பின்னிப் பின்னிப் பழகிய பின்னரே அது திருந்துகின்றது. உந்துதல் பிறப்பால் வருவது. திருத்தம் பழக்கத்தால் வருவது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று.

இயல்பூக்கத்திற்கும் உணர்ச்சிக்கும் உள்ள தொடர்பை விளக்கியவருள் ஒருவர் வில்லியம் மக்டூகல் என்னும் அறிஞர். ஒவ்வோர் இயல்பூக்கமும் தனக்கெனத் தனியுணர்ச்சி ஒன்றை உடையது என்று 1908-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். தப்பியோடும் ஊக்கத்தோடு அச்சமும், போரிடும் ஊக்கத்தோடு வெகுளியும், அருவருத்து விலக்கும் ஊக்கத்தோடு இளிவரலும், புதியதை ஆராயும் ஊக்கத்தோடு வியப்பும் பிணைந்துள்ளன என்பது அவர் கருத்து. அவர் வகுத்த பட்டியலைப் பின்வந்தோர் அனைவரும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. பழக்கமும் சூழ்நிலையும் மனிதனை உருவாக்குவதில் பெரும்பங்கு கொள்கின்றன என்று அவர்கள் வற்புறுத்தினர். எனினும், உணர்ச்சியும் செயலூக்கமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் கருத்து நிலைபெற்றுள்ளது.

தமிழர்க்கு இவ்வாராய்ச்சி முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உணர்ச்சிகளை எட்டாக வகுத்தார். ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்றும் கூறினார். உள்ளத்தில் தோன்றுவது உடலில் வெளிப்படுதலின் அதற்கு 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டமை எண்ணி மகிழத்தக்கது. உணர்ச்சி என்பது உள்ளத்தோடு நின்றுவிடுவதன்று என்னும் உண்மை அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

அமெரிக்க நாட்டு உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வுண்மைக்கு விளக்கமாக அமைந்தது. அச்சமோ சினமோ தோன்றியவுடன் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சின் துடிப்பு மிகுகின்றது; தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது; உணவு செரிக்கும் தொழில் தளர்கின்றது. போரிடுதற்கோ ஓடித் தப்புதற்கோ உடல் ஆயத்தமாகின்றது. மூளையினுள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதி இவ்வெச்சரிக்கையை எழுப்புவதில் பெரும்பங்கு கொள்கின்றது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். வரப்பின்மீது நடந்தவன் கயிற்றைக் கண்டு துள்ளியமைக்குக் காரணம் இதுவே.

பிறப்பால் வந்த ஊக்கங்களே அன்றி, வாழ்க்கையிற் பட்ட அனுபவங்களும் அறிவுக்குப் புலனாகாமல் உள்ளத்தின் ஆழத்தில் தங்கியிருக்கின்றன. அவ்வாழத்தை 'அடிமனம்' எனலாம். சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரில் வாழ்ந்த கிளாபரேட் என்னும் அறிஞர் 1911-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி ஒன்று இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. நோயால் நினைவாற்றலை இழந்த பெண்மணி ஒருவரை அவர் கவனித்து வந்தார். நாள்தோறும் கண்டவரையும் அப்பெண்மணி மீண்டும் அடையாளம் அறியார். ஒருமுறை கிளாபரேட் தம் விரல்களுக்கிடையே ஊசி ஒன்றை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். குத்துண்ட வலியை அவர் விரைவில் மறந்துவிட்டார். பின்னர் அறிஞர் மீண்டும் கை நீட்டியபோதோ, அவர் தம் கையைச் சட்டெனப் பின்னுக்கிழுத்துக்கொண்டார். காரணம் வினவியபோது, பிறர் கையில் ஊசி மறைந்திருத்தலும் உண்டு என்று பொதுவாக விடை கூறினாரே அன்றி, தமக்கு நேர்ந்ததை அவரால் கூற இயலவில்லை.

இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. மேல்மனம் மறந்ததை அடிமனம் மறவாதிருத்தல் கூடும் என்பது ஒன்று. அடிமனம் செயலை முடித்தபின், மேல்மனம் அதற்கேற்ற காரணத்தைத் தேடிக் கண்டு கூறும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது உண்மையே அறத்துறையில் ஆழ்ந்து கருதத்தக்கது. ஒருவர் ஒரு முடிவுக்கு வந்தபின் கூறும் காரணம், உண்மையில் அம்முடிவைப் பிறப்பித்த காரணமாக இல்லாமற் போகலாம். அதனை அவரே அறியாமலும் இருக்கலாம். வியன்னா நகரில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்டு என்னும் மருத்துவர் இவ்வடிமனத்தின் வலிமையை உலகறியச் செய்தார். அவர் கண்ட முடிவுகளுட் பலவற்றை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும், தன் உள்ளத்தில் நிகழ்வன எல்லாவற்றையும் மனிதன் அறிவான் என்னும் பழைய நம்பிக்கையை அசைத்தவருள் அவர் முதன்மையானவர்.

அறியாது புகுந்த உணர்ச்சி ஒன்று அறத்தை எவ்வாறு நிலைகுலையச் செய்யும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். தன் கோல் வளைந்தது என்று அறிந்த மாத்திரத்தில் உயிரையே துறந்த மானமிக்கவன். அத்தகையவன் பிழை செய்தது எவ்வாறு? ஆடல் மகளிரின் ஆட்டத்தையும் பாட்டையும் அரசன் விரும்பி நோக்கியது கண்டு கோப்பெருந்தேவி ஊடல் கொண்டாள். தலைநோயைக் காரணமாகக் காட்டி அந்தப்புரம் புகுந்தாள். ஊடலைத் தணிக்க அரசன் அவள் மாளிகையை நோக்கி விரைந்தான். அவ்வேளையில்தான் பொற்கொல்லன் எதிரே வந்து வீழ்ந்து வணங்கி, அரசியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலருகே இருக்கின்றான் என்று கூறினான். அரசனின் உள்ளம் முழுவதும் தேவியின்பால் இருந்தது. காணாமற்போன சிலம்பைக் கொடுத்தால் அவள் ஊடல் தணியும் அன்றோ! வழக்கை ஆராய்தற்கு அவன் நிற்கவில்லை. கள்வன் கையில் சிலம்பு இருக்குமாயின், அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்று காவலரைப் பணித்தான். 'நான் நீதி செலுத்துகின்றேன்' என்றே அவன் எண்ணியிருப்பான். அந்நீதிக்குப் பின்னே ஊடலும் விரைவும் மறைந்து நின்றதை அவன் உணரவில்லை.

அக்காதையில் நுணுகி நோக்கத்தக்க இடம் மற்றொன்றும் உண்டு. கொல்லச் சென்ற காவலர் கோவலனைக் கண்டவுடன், இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்று தயங்கினர். அவர்தம் முதல் உணர்ச்சி உண்மையையே சுட்டியது. ஆனால், பொற்கொல்லன் களவு நூல் கூறும் எட்டு வகைத் துணைகளையும் விரித்துரைத்து அவர்தம் தயக்கத்தைக் கலைத்தான். இறுதியில் கல்வியறிவற்ற ஒருவனின் வாள் கோவலனை வீழ்த்தியது. அரசனிடத்தில் உணர்ச்சி அறிவை மறைத்தது. காவலரிடத்தில் பொய்வாதம் நல்லுணர்ச்சியை மறைத்தது. ஆகவே, உணர்ச்சி எப்பொழுதும் தவறும் என்றோ, வாதம் எப்பொழுதும் நேரியது என்றோ கொள்ளுதல் பொருந்தாது. இரண்டையும் ஒன்றினால் மற்றொன்றைச் சோதித்தல் வேண்டும்.

நல்லுணர்ச்சியின் இயற்கையைச் சீன நாட்டுப் பேரறிஞர் மென்சியஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். கிணற்றில் விழவிருக்கும் குழந்தையைத் திடீரெனக் காணும் எவரும் பதைபதைப்பர். குழந்தையின் பெற்றோரது நட்பைப் பெறவோ, ஊரார் புகழைப் பெறவோ அவர் அவ்வாறு பதைப்பதில்லை. பிறர் துன்பம் கண்டு பொறாத அவ்வுள்ளமே அருளின் முளை என்பது அவர் கண்ட உண்மை. குளிரால் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனின் செயலும் இவ்வகையினதே. மயில் போர்வையைப் பேணி வைத்துக்கொள்ள அறியாது என்று அவன் அறிவு கூறுமுன், அருள் அவன் கையை நீட்டச் செய்துவிட்டது. அறிவைக் கடந்து நின்ற அக்கொடையைச் சான்றோர் 'கொடைமடம்' என்று போற்றினர். ஆகவே, இயல்பூக்கம் தீமைக்கு மட்டும் உரியதன்று. அறத்தின் வேரும் அதனிடத்திலேயே இருக்கின்றது.

ஆயின், நல்ல நூல்களைக் கற்றால் அந்நல்லுணர்ச்சி தானே வெற்றி கொள்ளுமா? இவ்வினாவிற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்றை அமெரிக்க உளநூல் அறிஞர்கள் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகிய இருவரும் 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிரின்ஸ்டன் நகரில் கிறித்தவ இறையியல் பயின்ற மாணவர் 40 பேர் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்திற்குச் சென்று ஒவ்வொருவரும் சிறு சொற்பொழிவு ஆற்றுதல் வேண்டும். அவருள் ஒரு பகுதியார்க்கு அளிக்கப்பட்ட பொருள், விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் கதை. கள்வரால் அடிபட்டு வழியிற் கிடந்த ஒருவனைக் குருவும் கோயிற் பணியாளனும் கண்டும் காணாதார்போல் விலகிச் செல்ல, அயலானாகிய சமாரியன் இரங்கி உதவினான் என்பது அக்கதை. மாணவர் செல்லும் வழியில், வாயிற்படி ஒன்றில் ஒருவர் தலை கவிழ்ந்து சாய்ந்து கிடந்து, இருமி முனகுமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

சிலரிடம், 'காலம் கடந்துவிட்டது. விரைந்து செல்க' என்று கூறப்பட்டது. சிலரிடம் ஓரளவு விரைவு வேண்டும் என்றும், ஏனையோரிடம் காலம் போதுமானது என்றும் கூறப்பட்டன. விரைவின்றிச் சென்றவருள் நூற்றுக்கு 63 பேரும், ஓரளவு விரைந்தவருள் 45 பேரும் அம்மனிதர்க்கு உதவ முற்பட்டனர். மிக விரைந்தவருள் உதவியவர் நூற்றுக்கு 10 பேரே. சமாரியன் கதையைப் பற்றிப் பேசச் சென்றமை குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் விளைக்கவில்லை. அக்கதையைப் பேசுதற்கு ஓடியவர் சிலர், வீழ்ந்து கிடந்தவரைத் தாண்டியே சென்றனர்!

அவர்களைக் கல்நெஞ்சர் என்று இகழ்தல் முறையன்று. நில்லாது சென்றவர் பலர் மனக்கலக்கத்தோடுதான் சென்று சேர்ந்தனர் என்று ஆராய்ச்சியாளரே குறித்துள்ளனர். இரக்கம் எழுந்தது, ஆயின் விரைவு அதனை மேலெழ விடவில்லை. மதுரையில் பாண்டியனின் அறிவை மறைத்த விரைவே, பிரின்ஸ்டன் மாணவரின் அருளையும் மறைத்தது. அறம் இன்னது என்று அறிந்திருத்தல் வேறு. வேண்டிய நொடியில் அவ்வறிவு விழித்திருத்தல் வேறு.

இதற்கு வழிதான் யாது? நள்ளிரவில் செல்லும் மாட்டு வண்டியை எண்ணிப் பார்க்கலாம். வண்டியோட்டி கண்ணயர்ந்தாலும் மாடுகள் பழகிய தடத்தில் வீடு வந்து சேர்கின்றன. அவை இல்லையேல் வண்டி ஓரடியும் நகராது. ஆனால், வழியிலுள்ள ஆற்றில் அன்று வெள்ளம் பெருகியிருந்தால், பழகிய தடமே வண்டியை நீரிற் கொண்டு செலுத்திவிடக்கூடும். அங்கே வண்டியோட்டி விழித்துக் கயிற்றைப் பிடித்தல் வேண்டும். இயல்பூக்கங்கள் மாடுகளைப் போன்றவை. அறிவு வண்டியோட்டியைப் போன்றது. மாடுகளை அவிழ்த்து விரட்டுதலும் பேதைமை. அவற்றை நம்பி என்றும் உறங்குதலும் பேதைமை.

விழித்திருத்தற்குரிய வழிகள் மூன்று. எழுந்த உணர்ச்சியை இன்னதென்று அறிந்துகொள்ளுதல் முதலாவது. 'இது சினம்', 'இஃது அழுக்காறு', 'இஃது அச்சம்' என்று தனக்குள் பெயரிட்டு உணர்பவன், அவ்வுணர்ச்சியினின்றும் சிறிது விலகி நின்று அதனை நோக்குகின்றான். செயலைச் சிறிது தாழ்த்துதல் இரண்டாவது. உடலிற் பொங்கிய கிளர்ச்சி தணியச் சற்றுக் காலம் வேண்டும். அதுவரையில் பொறுப்பவன் பெரும்பிழைகளினின்றும் தப்புவான். வள்ளுவர் வெகுளாமைக்கும் தெரிந்து செயல்வகைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமையின் அருமை இதனால் விளங்கும். ஆனால், துன்புற்றோர்க்கு உதவுதல் போன்ற நற்செயல்களைத் தாழ்த்துதல் கூடாது. அவற்றிற்குத் துணையாவது மூன்றாவது வழியாகிய நற்பழக்கம். வீடு கட்டிக் கட்டியே கொத்தன் தொழில் வல்லவன் ஆவதுபோல, நேரிய செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேரியன் ஆகின்றான் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கூறினார். நாள்தோறும் சிறு சிறு உதவிகளைச் செய்து பழகியவனின் கால், விரைந்து செல்லும் வேளையிலும், வீழ்ந்தவரைக் கண்டால் தானே நிற்கும். தூக்கணங்குருவியின் பின்னலைப் போல, அவன் இரக்கமும் பழகப் பழகத் திருந்துகின்றது.

இவ்வுண்மைகளைச் சோதித்தற்கு அரசவையோ ஆராய்ச்சிக் கூடமோ வேண்டுவதில்லை, வகுப்பறையே போதும். ஒரு மாணவனின் பேனாவைக் காணவில்லை. எவரும் ஒன்றும் கூறவில்லை. ஆயினும், வகுப்பிலுள்ள கண்கள் பலவும் ஒருபுறம் திரும்புகின்றன. அங்கே, கிழிந்த சட்டையுடன், வேற்றூரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த மாணவன் ஒருவன் அமர்ந்திருக்கின்றான். அவன் எடுத்ததை எவரும் கண்டதில்லை. அவன் புதியவன், ஏழை, அவ்வளவே. கோவலனும் மதுரைக்குப் புதியவனாகவே வந்தான்.

கண்கள் திரும்பியதற்கு அடிமனம் காரணமாக இருக்கலாம். புதியவரை ஐயுறுதல் மாந்தரிடம் பழைமையாக வேரூன்றிய இயல்பு. அத்தோற்றத்திற்காக எவரையும் பழித்தல் வேண்டா. ஆனால், அடுத்த நொடி அடிமனத்திற்கு உரியதன்று. அது மாணவர்க்கு உரியது. 'நாம் இவனை நோக்கியது எதனால்? கண்ட சான்று யாது?' என்று ஒரே ஒருவன் தன்னைத் தான் வினவிக்கொண்டு, எழுந்து, 'முதலில் பெட்டியிலும் பலகையின் கீழும் தேடுவோம்' என்று கூறுவானாயின், பழி ஒன்று பிறவாமலே தடுக்கப்படும். பாண்டியனுக்குத் தன் பிழை விளங்கியபோது கோவலன் உயிரோடு இல்லை. இவ்வகுப்பிலோ இன்னும் காலம் இருக்கின்றது.